இரண்டு கடிதங்கள், இரண்டு தேதிகள்: குடல் நிபுணரைப் பார்க்க ஏன் இத்தனை மாதம்?

எங்கள் தாமானில் மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் அண்ணனுக்கு 54 வயது. லோரி ஓட்டுகிறார். சென்ற ஆண்டு ஆறு வார இடைவெளியில் அவர் கைக்கு இரண்டு தேதிச் சீட்டுகள் வந்தன. இரண்டும் ஒரே அரசாங்க மருத்துவமனையின் ஒரே நிபுணத்துவக் கிளினிக் கொடுத்தவை. முதல் சீட்டில் இருந்த தேதிக்கு ஏழு மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது சீட்டில் இருந்த தேதிக்கு மூன்றே வாரம். இடையில் அவர் யாரிடமும் சிபாரிசுக்குப் போகவில்லை. மாறியது ஒன்றுதான்: பரிந்துரைக் கடிதத்தில் இருந்த நான்கு வரிகள்.

அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் கொஞ்சம் கணிதம் இருக்கிறது, கொஞ்சம் வேதியியல் இருக்கிறது, நிறையக் கூச்சமும் இருக்கிறது. இந்த வாரம் அவற்றைப் பார்ப்போம். வயிறு, குடல், கல்லீரல் நிபுணரைப் பார்க்கக் காத்திருக்கும் வாசகர்கள் நம்மிடையே குறைவில்லை. 'எப்போது கூப்பிடுவார்கள்?' என்ற கேள்விக்கு, 'கூட்டம் அதிகம்' என்பதைவிடத் தெளிவான ஒரு பதில் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

முதலில் வழக்கமான பாதை. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டினால் டாக்டரைப் பார்த்துவிடலாம். நிபுணரை அப்படி நேராகப் பார்க்க முடியாது, கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் மருத்துவமனைக்குப் போகிறது. அங்கே ஒருவர் படித்துத் தேதி போடுகிறார். நிபுணர் பார்த்த பிறகு ஸ்கோப் தேவைப்பட்டால் அதற்கு இன்னொரு தேதி. ஆக நாம் ஒரு வரிசையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு உண்மையில் இரண்டு மூன்று வரிசைகளில் நிற்கிறோம். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகம் வழியாகப் போகிறவர்களுக்கும் பாதையின் வடிவம் ஏறக்குறைய இதுதான்.

வரிசைக்கும் ஒரு கணக்கு உண்டு

டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் எர்லாங் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை இணைப்புகள் இருந்தால் பேச நினைக்கிறவர்கள் அதிகம் காத்திருக்காமல் பேச முடியும் என்று கணக்குப் போட்டு, 1909இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று வங்கி, விமான நிலையம், மருத்துவமனை என எங்கெல்லாம் மனிதர்கள் எண் எடுத்துக்கொண்டு உட்காருகிறார்களோ, அங்கெல்லாம் அந்தக் கணக்கின் வாரிசுகள்தான் பயன்படுகின்றன.

அது சொல்லும் முதல் பாடம் நம் பொது அறிவுக்கு எதிரானது. ஒரு டாக்டர் இருக்கிறார், ஒரு நோயாளிக்குச் சராசரியாக 10 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகள் நேரம் பார்த்து வருவதில்லை. ஒருவருக்கு 5 நிமிடம் போதும், இன்னொருவருக்கு 25 நிமிடம் ஆகும். அந்த டாக்டரின் நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால், ஒருவர் சராசரியாகக் காத்திருக்க வேண்டியது 40 நிமிடம். 90 விழுக்காடு நிரம்பினால் 90 நிமிடம். 95 விழுக்காடு நிரம்பினால் 190 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல். 80க்கும் 95க்கும் இடையே நோயாளிகளின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. காத்திருப்போ ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆகிவிட்டது!

ஏன் அப்படி? டாக்டரின் நேரத்தைச் சேமித்து வைக்க முடியாது. ஒன்பது மணிக்கு வரவேண்டியவர் நெரிசலில் மாட்டிக்கொண்டால் அந்த 10 நிமிடம் போனது போனதுதான். பத்து மணிக்கு மூன்று பேர் சேர்ந்து வந்து நிற்கும்போது அதைத் திரும்ப எடுத்துக் கொடுக்க வழியில்லை. நேரத்தில் கொஞ்சம் காலி இருந்தால் அந்த நெரிசல் தானாகக் கரையும். காலியே இல்லையென்றால் ஒவ்வொரு தாமதமும் அடுத்தவர் தலையில் ஏறி உட்காரும். 'டாக்டர் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாது' என்று திட்டமிடும் கிளினிக்கில்தான் வரிசை மிக நீளமாக இருக்கும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் இது நிறுவப்பட்ட கணக்கு.

இது ஒரு நாள் காத்திருப்பு. மாதக் கணக்கில் காத்திருப்பதற்கு இன்னும் எளிதான ஒரு விதி இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் அதற்கு நிரூபணம் கொடுத்தார். பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார்கள், இந்த இரண்டும் தெரிந்தால் போதும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் காத்திருப்பு வந்துவிடும். நான் கணக்குக்காக எண்களை எடுத்துக்கொள்கிறேன்: பட்டியலில் 630 பேர், வாரத்துக்கு 30 புது நோயாளிகளுக்கு இடம். 630ஐ 30ஆல் வகுத்தால் 21 வாரம். இன்று கடிதம் கொடுக்கிறவர் ஏறக்குறைய ஐந்து மாதம் கழித்துத்தான் நிபுணரின் முகத்தைப் பார்ப்பார்.

இந்தப் பட்டியலைக் குறைக்க மருத்துவமனை நான்கு சனிக்கிழமைகளில் கூடுதலாகக் கிளினிக் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் 30 பேர். மொத்தம் 120 பேர் குறைந்து பட்டியல் 510 ஆகும், காத்திருப்பு 17 வாரத்துக்கு இறங்கும். நல்ல செய்திதான். ஆனால் வாரத்துக்கு 30 பேரைப் பார்க்கும் இடத்தில் 32 கடிதங்கள் வந்துகொண்டிருந்தால்? வாரத்துக்கு இரண்டு பேர் என்று சேர்ந்து சேர்ந்து 60 வாரத்தில் பட்டியல் மறுபடியும் பழைய நிலைக்கு வந்து நிற்கும். சனிக்கிழமை கிளினிக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு பேருக்கு நிரந்தரமாக வழி செய்யாதவரை அது தொட்டி நிரம்பி வழியும்போது வாளியால் மொண்டு ஊற்றுகிற வேலைதான்.

அந்த வழி எளிதானது இல்லை. இந்தத் துறையில் நிபுணராவதற்கு, மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு பொது மருத்துவத்தில் சில ஆண்டுகள், அதற்கு மேல் குடல் துறையில் சில ஆண்டுகள் எனப் பயிற்சி நீள்கிறது. படித்து முடித்தவர்களைத் தனியார் மருத்துவமனைகளும் அழைக்கின்றன. இருக்கிற நிபுணர்களும் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான். சிறிய மருத்துவமனைகளில் பொது அறுவைச் சிகிச்சை மருத்துவர்களே ஸ்கோப் செய்கிறார்கள். சில நோயாளிகளுக்கு அதுவே விரைவான வழி என்பதால், 'சர்ஜிக்கல் கிளினிக்குக்கு அனுப்புகிறேன்' என்று டாக்டர் சொன்னால் கத்தி வைக்கப் போகிறார்கள் என்று பயந்துவிட வேண்டாம்.

முறத்தில் புடைப்பது போல

இனி அண்ணனின் இரண்டு சீட்டுகளுக்கு வருவோம். எல்லாரும் வந்த வரிசைப்படியே போனால் எல்லாருக்கும் 21 வாரம். நெஞ்செரிச்சல்காரருக்கும் 21, குடலில் கட்டி வளர்கிறவருக்கும் 21. இது சமத்துவமாகத் தெரியலாம், ஆனால் நியாயம் இல்லை. நெப்போலியன் படையின் அறுவைச் சிகிச்சை மருத்துவர் டொமினிக் ழான் லாரே இதைப் போர்க்களத்தில் உணர்ந்தார். தளபதியா, சாதாரணச் சிப்பாயா என்று பார்க்காமல், யாருக்குக் காயம் மோசமோ அவருக்கு முதலில் சிகிச்சை என்றார். இன்று அவசரப் பிரிவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கிறார்களே, அதன் வேர் இதில் இருக்கிறது. 'ட்ரியாஜ்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொறுக்கிப் பிரிப்பது என்று பொருள். நம் பாட்டிமார் முறத்தில் புடைத்துப் பிரித்ததும் இதே வேலைதான்.

நிபுணத்துவக் கிளினிக்கிலும் கடிதங்களை இப்படிப் பிரிக்கிறார்கள். முன்பு எடுத்த எண்களையே எடுத்துக்கொள்வோம். 630 பேரில் 30 பேர் அவசரம், 600 பேர் சாதாரணம். வாரத்தில் உள்ள 30 இடங்களில் 10 இடத்தை அவசரக் கடிதங்களுக்கு ஒதுக்குகிறார்கள். அவசரக்காரர்களுக்கு 30ஐ 10ஆல் வகுத்தால் மூன்று வாரம். சாதாரணக்காரர்களுக்கு 600ஐ 20ஆல் வகுத்தால் 30 வாரம், அதாவது ஏழு மாதம். டாக்டர் எண்ணிக்கை கூடவில்லை, நோயாளி எண்ணிக்கை குறையவில்லை. பிரித்ததால் மட்டும் ஒரு வரிசை மூன்று வாரமாகவும் இன்னொன்று ஏழு மாதமாகவும் ஆகிவிட்டது.

ஆகவே ஏழு மாதத் தேதி கிடைத்தால் 'நம்மை ஒதுக்கிவிட்டார்கள்' என்று கோபப்படுவதைவிட, 'கடிதத்தில் என்ன எழுதியிருந்தது?' என்று கேட்பதுதான் பயன் தரும். தேதி போடுகிறவர் உங்களைப் பார்த்ததில்லை. அவர் முன்னால் இருப்பது காகிதம் மட்டுமே. அண்ணனின் முதல் கடிதத்தில் 'வயிற்று அசௌகரியம், கேஸ்ட்ரிக், மாத்திரையில் குறையவில்லை' என்ற அளவில்தான் இருந்தது. அதைப் படிக்கிற யாரும் சாதாரண வரிசையில்தான் போடுவார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது.

எது அவசரம், எது காத்திருக்கலாம் என்பதற்குச் சில நாடுகள் எழுதி வைத்த அளவுகோல் உண்டு. கனடாவின் குடல் மருத்துவர் சங்கம் 2006இல் நான்கு படிகளாகப் பிரித்தது: 24 மணி நேரத்துக்குள், இரண்டு வாரத்துக்குள், இரண்டு மாதத்துக்குள், ஆறு மாதத்துக்குள். குடலில் திடீரென இரத்தம் கொட்டுவது முதல் படி. பரிசோதனைகளைப் பார்த்தால் புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றால் இரண்டாவது படி. மலப் பரிசோதனையில் இரத்தம் தெரிந்தவர் மூன்றாவது படி. நெடுநாள் நெஞ்செரிச்சல்காரர் கடைசிப் படி. இது அந்த நாட்டுக்கான இலக்கு. அங்கும் எல்லாருக்கும் அது கிடைத்துவிடுவதில்லை. ஆனாலும் மருத்துவர்களின் மனத்தில் ஓடும் தராசு எப்படிச் சாய்கிறது என்று இதிலிருந்து புரியும்.

சொல்லாமல் விட்டவை

அண்ணனுக்கு மூன்று மாதமாக மலத்தில் இரத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் அதை டாக்டரிடம் சொல்லவில்லை. "மூலம்தானே, லோரிக்காரனுக்கு இல்லாததா" என்று அவரே முடிவு செய்துவிட்டார். இடுப்பு வாரில் இரண்டு துளை உள்ளே தள்ளியிருந்தது, அதையும் சொல்லவில்லை. மருத்துவ அதிகாரி ஓர் இளம் மலாய்ப் பெண். ஒரு பெண் பிள்ளையிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று வேறு வெட்கம். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் அவருடைய மனைவி. வெள்ளைத் துண்டில் கறை பார்த்தவர், மறு வாரமே அவரை இழுத்துக்கொண்டு அதே கிளினிக்குக்குப் போனார். "டாக்டர், இவரு வெக்கப்பட்டுக்கிட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன்" என்று தொடங்கியதாக எங்களிடம் சொல்லிச் சிரிப்பார் அக்கா. அங்கே அதைத் தமிழில் அல்ல, தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லியிருக்கிறார்.

மொழி இதில் சின்ன விஷயம் இல்லை. நம்மில் மூத்தவர்கள் பலருக்கு சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு மலாய் வரும், மலத்தைப் பற்றிப் பேச வராது. ஆகவே சில சொற்களை இங்கேயே தருகிறேன். மலத்தில் இரத்தம் என்பதற்கு 'நாஜிஸ் பெர்டாரா'. கறுப்பு மலம், 'நாஜிஸ் ஹித்தாம்'. உடல் எடை குறைந்துவிட்டது, 'பெராட் பாடான் துருன்'. விழுங்கச் சிரமம், 'சூசா தெலான்'. இரத்த வாந்தி, 'முந்தா டாரா'. வெட்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுங்கள். டாக்டர்களுக்கு இது நம் வீட்டுச் சமையல் பேச்சு போல அன்றாடப் பேச்சு.

எவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்? மேலே சொன்ன ஐந்தோடு, மலம் கழிக்கும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருப்பது, இரத்தச்சோகை என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் அது, பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்குக் குடல் புற்றுநோய் வந்திருந்தால் எந்த வயதில் வந்தது என்பது. இவற்றோடு உங்கள் வயது. இளைஞருக்கும் 55 வயதுக்காரருக்கும் ஒரே அறிகுறி ஒரே பொருளைத் தருவதில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு குறிப்பு. தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு, கடும் நாற்றத்துடன் மலம் போனால் இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ இரத்தம் கசிந்து, செரிமானமாகி இறங்குகிறது என்று பொருள். அதோடு தலைசுற்றலும் இருந்தால், அல்லது இரத்தமாக வாந்தி எடுத்தால், கடிதமும் வேண்டாம், தேதியும் வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிவந்த இரத்தம் பெரும்பாலும் குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வருவது. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். பீட்ரூட்டும், நம் ஊர்ச் சந்தையில் குவிந்து கிடக்கும் சிவப்பு டிராகன் பழமும் காலையில் ஒருவரைக் கதிகலங்க வைக்கும். முந்திய நாள் என்ன சாப்பிட்டோம் என்று நினைத்துப் பார்த்துவிட்டுப் பயப்படலாம்.

நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. குடலில் புண்ணும் வீக்கமும் நெடுநாள் தொடரும் அழற்சி நோய், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே அதிகம் காணப்படுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இது இளம் வயதிலேயே வரும். இருபத்தைந்து வயதுப் பையனுக்கு வாரக் கணக்கில் இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு இருந்தால், 'காரம் அதிகம் சாப்பிட்டான், மாமாக் கடையில் இரவு இரண்டு மணிக்கு ரொட்டி சானாய் சாப்பிட்டான்' என்று மோரும் வெந்தயமும் கொடுத்துக்கொண்டிருப்பது சரியில்லை.

மலத்துளியில் ஒரு வேதியியல்

அக்கா பேசியதைக் கேட்ட டாக்டர் இரண்டு பரிசோதனைகளுக்கு எழுதினார். ஒன்று இரத்தம். ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. ஆண்களுக்கு 13க்குக் குறைந்தாலே இரத்தச்சோகை. மற்றது மலப் பரிசோதனை. இங்கே 'ஐ-எஃப்.ஓ.பி.டி.' என்றும் சிங்கப்பூரில் 'ஃபிட்' என்றும் சொல்வது இதைத்தான். 50 வயதைக் கடந்தவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாதபோதே இரு நாடுகளிலும் இதைச் செய்துகொள்ளச் சொல்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? பழைய முறை, இரத்தத்தில் இருக்கும் 'ஹீம்' என்ற பகுதி தூண்டும் ஒரு வேதிவினையால் தாள் நீலமாக மாறுவதைப் பார்த்தது. ஆட்டு இரத்தத்திலும் ஹீம் உண்டு என்பதால் முந்திய நாள் பெரட்டல் சாப்பிட்டவருக்கும் நீலம் காட்டிவிடும். புதிய முறை வேறு. மனித ஹீமோகுளோபினில் உள்ள 'குளோபின்' புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதில் வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கறி அதை ஏமாற்றாது. அதனால் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் தேவையில்லை. இன்னொரு வசதி, இரைப்பையில் கசிந்த இரத்தத்தின் குளோபின் வழியிலேயே செரிமானமாகிவிடும். ஆகவே பரிசோதனை இரத்தம் என்று காட்டினால் அது பெரும்பாலும் பெருங்குடலைத்தான் சுட்டுகிறது.

இந்தப் பரிசோதனையின் பெரிய பயன் வரிசையைப் பிரிப்பதில்தான். பிரிட்டனில் அறிகுறி உள்ளவர்களுக்கே இதைக் கொடுத்து, ஒரு கிராம் மலத்தில் 10 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் என்ற எல்லையைத் தொட்டால் அவசர வரிசைக்கு அனுப்புகிறார்கள். இங்கிலாந்தில் ஏறக்குறைய 10,000 பேரிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், அந்த எல்லை 100 பெருங்குடல் புற்றுகளில் 91ஐப் பிடித்தது. மீதி ஒன்பதை? தவறவிட்டது. அதனால்தான் 'டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை' என்று வந்தாலும் எடை குறைந்துகொண்டே போனால் மறுபடி டாக்டரிடம் போக வேண்டும் என்கிறார்கள்.

வயிற்றின் மேற்பகுதிக்கும் இப்படி ஒரு வழி உண்டு. வயிற்றுப் புண்ணுக்குக் காரம்தான் காரணம் என்று உலகமே நம்பியிருந்தபோது, ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமிதான் பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று காட்டிய பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் இந்தக் கிருமி மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவாகவும் இந்தியர்களிடம் அதிகமாகவும் இருந்தது. அப்படியிருந்தும் இரைப்பைப் புற்றுநோய் இந்தியர்களிடம் சீனர்களைவிடக் குறைவு. இது ஆய்வாளர்களை நெடுங்காலமாக யோசிக்க வைத்திருக்கும் புதிர். நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: எச்சரிக்கை அறிகுறி எதுவும் இல்லாத இளம் வயதுக்காரருக்கு ஸ்கோப் இல்லாமலே, மூச்சு ஊதும் பரிசோதனையால் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்கலாம். எல்லா இடத்திலும் அந்த வசதி இல்லை. ஆனால் கேட்டுப் பார்க்கலாம். அந்தப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அமில மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். டாக்டரிடம் கேட்காமல் நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

காத்திருந்தால் என்ன ஆகும்?

ஏழு மாதம் காத்திருந்தால் அண்ணன் இறந்திருப்பார் என்று எழுதினால் கட்டுரைக்குச் சூடு கூடும். ஆனால் அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. பெருங்குடல் புற்று பெரும்பாலும் 'பாலிப்' என்ற சிறு சதை வளர்ச்சியில் தொடங்கி, புற்றாக மாறப் பத்து ஆண்டுகள்வரை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் மலப் பரிசோதனையில் இரத்தம் தெரிந்த 70,000 பேருக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2017இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கொலொனோஸ்கோபி செய்தவர்களில் 1,000 பேருக்கு 30 பேரிடம் புற்று இருந்தது. பத்து மாதம்வரை தாமதித்தவர்களிடம் பெரிய வேறுபாடு இல்லை. பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆனவர்களில் 49. ஓராண்டைத் தாண்டியவர்களில் 76.

சில வாரத் தாமதத்துக்குத் தூக்கம் கெட வேண்டாம் என்பதற்கு இது ஆறுதல். ஆனால் இந்த எண்கள் அறிகுறி இல்லாமல் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கானவை. எடை குறைந்து, இரத்தச்சோகையும் வந்த ஒருவருக்கு அந்த ஆறுதலை அப்படியே கொடுக்க முடியாது. அவர் உடலில் கடிகாரம் முன்பே ஓடத் தொடங்கிவிட்டது. மலேசியாவில் பெருங்குடல் புற்று கண்டுபிடிக்கப்படும்போது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில் இருக்கிறது. மருத்துவமனை வரிசை மட்டும் அதற்குக் காரணமில்லை. வீட்டிலேயே 'மூலம்தானே' என்று கழிந்த மாதங்களும் அதில் அடக்கம். அந்த மாதங்களை எந்தப் பட்டியலும் கணக்கெடுப்பதில்லை.

காத்திருக்கும் காலத்தில் அறிகுறி மாறினால் தேதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. பழைய கிளினிக்குக்குப் போய்ப் புதுக் கடிதம் கேட்கலாம். அது வரிசையில் முந்திக்கொள்வது ஆகாது. சரியான வரிசைக்கு மாறுவது. தொலைபேசி எண்ணை மாற்றியிருந்தால் மருத்துவமனையில் சொல்லிவிடுங்கள். யாராவது ரத்து செய்தால் அந்த இடத்துக்கு அடுத்தவரை அழைப்பார்கள்; எடுக்காத எண்ணை விட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். போக முடியாத தேதியையும் முன்கூட்டியே சொல்லுங்கள். முன்பு பார்த்த கணக்கில், அவசர வரிசையின் 10 இடத்தில் இரண்டு பேர் வராமல் போனால் மூன்று வாரம் என்பது நான்கு வாரத்தை நெருங்கிவிடும்.

ஸ்கோப் நாளுக்கும் அப்படித்தான். முந்திய நாள் கொடுக்கும் மருந்துத் தண்ணீர் குடிக்கச் சுகமாக இருக்காது. அண்ணன் அதை 'உப்புப் போட்ட பூசணிக்காய்த் தண்ணி' என்றார். பாதியில் நிறுத்திவிட்டால் குடல் சுத்தமாகாது, உள்ளே எதுவும் தெரியாது, இன்னொரு நாள் திரும்ப வர வேண்டும். ஒருவருக்கு இரண்டு இடம் செலவாகிறது, பின்னால் நிற்கிற ஒருவர் ஒரு நாள் பின்னே போகிறார். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் தேதி வாங்கும்போதே தாதியிடம் சொல்லிவிட வேண்டும். அன்று காலையில் சொன்னால் திருப்பி அனுப்பிவிட நேரும்.

அண்ணனுக்கு இடப்பக்கப் பெருங்குடலில் கட்டி இருந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கவில்லை. மறுபடி லோரி ஓட்டுகிறார், ஆனால் தூரப் பயணம் இல்லை. ஓராண்டில் மறு ஸ்கோப். அந்தத் தேதிச் சீட்டு அக்காவின் கைப்பையில் இருக்கிறது, அவரை நம்பி அதைக் கொடுப்பதில்லை.

உடன்பிறந்தவருக்கு இந்த நோய் வந்திருந்தால் மற்றவர்கள் 40 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். அவருடைய தம்பிக்கு 47 வயது, கிள்ளானில் இருக்கிறார், உடம்புக்கு ஒன்றுமில்லை. சென்ற வாரம் அவர் கிளினிக்குக்குப் போனபோது அக்காவும் கூடப் போனார். கடிதத்தின் முதல் வரியில் 'அண்ணனுக்கு 54 வயதில் பெருங்குடல் புற்று' என்று டாக்டர் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து கிளம்பினாராம்.